ஓய்வுக் காலமும் புத்தாண்டுத் திட்டமும்

ஹிஜ்ரி ஆண்டு ஒன்று மறைந்து புதியதொன்று பிறக்கும் வேளையில், உத்தியோகத்திலிருந்தோ வியாபாரத்திலிருந்தோ ஓய்வு பெற்று வீட்டில் அமர்ந்துவிட்ட பெரியவர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. வரும் ஆண்டில் இன்னின்ன செய்வதென்று இந்த வயதில் திட்டமிடலாமா? மௌத்தை எதிர்நோக்கியிருக்க வேண்டிய பருவத்தில், கிதாபு ஓதப் போகிறேன், தோட்டம் வைக்கப் போகிறேன் என்று கணக்குப் போடுவது, மார்க்கம் எச்சரிக்கும் நீண்ட ஆசையாகிவிடாதா?

இப்படி அஞ்சுவோர் ஒரு சாரார். மறு சாராரோ, இத்தனை ஆண்டுகள் பிறருக்காக உழைத்தாகிவிட்டது, இனி என் நேரம் எனக்கே சொந்தம் என்கின்றனர். முன்னவர் அச்சத்தினால் ஒன்றும் செய்வதில்லை; பின்னவர் உரிமை கொண்டாடி ஒன்றும் செய்வதில்லை. முடிவில் இருவருடைய நாட்களும் திண்ணைப் பேச்சிலும், தொலைக்காட்சியின் முன்னும், கைப்பேசியிலுமே கரைந்து போகின்றன. ஆகவே இவ்விஷயத்தைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது அவசியமாகும்.

முதலில் வயதின் கணக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-ஆம் ஆண்டில் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. இது சூரியக் கணக்கு. பிறைக் கணக்கின்படி ஓர் ஆண்டுக்கு 354 அல்லது 355 நாட்களே உண்டு. ஆகவே 60 வயது நிறைந்து மாலை மரியாதையுடன் வீடு திரும்புகிறவருக்கு அன்றைய தினம் ஹிஜ்ரி கணக்கில் சுமார் 61 வயதும் 10 மாதமும் ஆகியிருக்கும். நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் இவ்வுலகில் வாழ்ந்தது 63 ஆண்டுகள். தம் உம்மத்தினரின் வயது பெரும்பாலும் அறுபதுக்கும் எழுபதுக்கும் இடைப்பட்டதே என்றும் அவர்கள் அறிவித்துள்ளார்கள். அறுபதை எட்டும்வரை அல்லாஹ் அவகாசம் அளித்த ஒருவருக்கு, இனிச் சாக்குச் சொல்ல இடமில்லை என்ற கருத்தில் அமைந்த ஹதீஸ் புகாரி ஷரீபில் இடம்பெற்றுள்ளது. ஓய்வு என்று நாம் பெயரிட்டிருக்கும் வாசலில் உண்மையில் எழுதப்பட்டிருப்பது இதுதான்.

இனி நீண்ட ஆசையைப் பற்றிப் பார்ப்போம். நபி (ஸல்) அவர்கள் தரையில் ஒரு சதுரம் வரைந்து, அதன் நடுவிலிருந்து கிளம்பி அதற்கு வெளியே நீண்டு செல்லும் ஒரு கோட்டையும் வரைந்து காட்டினார்கள். சதுரம் மனிதனைச் சூழ்ந்திருக்கும் அஜல். வெளியே நீளும் கோடு அவனது ஆசை. முதியவனின் இதயமும் இரண்டு விஷயங்களில் மட்டும் இளமையாகவே இருக்கிறது என்றும், அவை உலகப் பற்றும் நீண்ட ஆசையும் என்றும் மற்றொரு ஹதீஸில் வந்துள்ளது. எனவே அஞ்சுவோரின் அச்சம் ஆதாரமற்றதன்று.

ஆயினும் திட்டமிடுதல் வேறு, நீண்ட ஆசை வேறு. இந்த வேற்றுமையை ஹிஜ்ரத்தே நமக்குக் கற்றுத் தருகிறது. மக்காவை விட்டுப் புறப்பட்ட நபி (ஸல்) அவர்கள், வடக்கே உள்ள மதீனாவுக்குச் செல்ல வேண்டியிருந்தும் தெற்கே சென்று தௌர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். வழிகாட்டி ஒருவரை முன்கூட்டியே கூலிக்கு அமர்த்தியிருந்தார்கள். வாகனங்கள் ஆயத்தமாக இருந்தன. தவக்குலில் அவர்களை விஞ்சியவர் யார்? அவர்களே திட்டமிட்டார்கள். தம் குடும்பத்தாருக்கு ஓராண்டுக்கான உணவைச் சேமித்து வைத்தார்கள் என்பதும் ஸஹீஹான ஹதீஸில் உள்ளது. அப்படியிருக்க, ஓராண்டுக்குத் திட்டமிடுவதைத் தவறென்று எவ்வாறு கூற முடியும்?

அவ்வாறாயின் எது கண்டிக்கப்பட்டது? நாளை என்னும் நாளைத் தன் சொத்தாகக் கருதுவது. அந்த நாளை நம்பி இன்றைய கடமையைத் தள்ளிப்போடுவது. கஹ்பு சூராவில், நாளை இதைச் செய்வேன் என்று எதையும், அல்லாஹ் நாடினால் என்பதைச் சேர்க்காமல் கூறலாகாது என இறைவன் கட்டளையிடுகிறான். நாளைக்காகத் திட்டமிடுவதை அவன் தடுக்கவில்லை. நாளையின் உரிமையாளன் யார் என்பதை மறப்பதையே தடுக்கிறான்.

இதை அறிந்துகொள்ள எளிய உரைகல் ஒன்று உண்டு. உங்கள் திட்டம் பாதியில் அறுந்துவிட்டால் அதுவரை செய்தது வீணா, வீணில்லையா என்று கேட்டுப் பாருங்கள். மூன்றாவது மாடி கட்டி வாடகைக்கு விட நினைத்தவர் இரண்டாம் மாதத்தில் மௌத்தானால், அவருக்கு மிஞ்சுவது பாதிச் சுவர். குர்ஆன் ஷரீபின் பொருளைக் கற்க அமர்ந்தவர் இரண்டாம் மாதத்தில் மௌத்தானாலோ, அவர் கற்ற நாட்கள் அனைத்தும் முழுமையானவை. அல்லாஹ்வின் பாதையில் ஹிஜ்ரத் செய்யப் புறப்பட்டு வழியிலேயே இறந்துவிட்டவருடைய கூலி அல்லாஹ்விடம் உறுதியாகிவிட்டதென அன்னிஸா சூராவின் நூறாவது வசனம் கூறுகிறது. கியாமத் வந்துவிட்ட நிலையிலும் கையில் ஒரு கன்று இருந்தால், முடிந்தவரை அதை நட்டுவிடுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியுள்ளார்கள். அக்கன்றின் கனியை உண்ண எவரும் இருக்கப்போவதில்லை. இருந்தும் நடுவதற்குக் கூலி உண்டு.

ஹளரத் உமர் (ரலி) அவர்களுடைய ஆட்சியில், ஹிஜ்ரி 17-ஆம் ஆண்டளவில், நம் ஆண்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவதென ஆலோசிக்கப்பட்டபோது, பிறப்பிலிருந்தும் வஃபாத்திலிருந்தும் தொடங்கலாம் என்ற யோசனைகள் இருந்தன. இறுதியில் ஹிஜ்ரத்தே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே நம் ஆண்டு, பிறந்ததையோ இறந்ததையோ எண்ணவில்லை, புறப்பட்டதை எண்ணுகிறது. வயோதிகருக்கு இதைவிட ஆறுதலான நாட்காட்டி வேறேது?

இனி, என் நேரம் எனக்கே சொந்தம் என்போருக்கு வருவோம். ஆரோக்கியம், ஓய்வு ஆகிய இரு நிஃமத்துக்களில் மக்களில் பலர் நஷ்டமடைந்துவிடுகின்றனர் என்பது பிரபலமான ஹதீஸ். அதில் வரும் அரபுச் சொல் வியாபாரத்தில் ஏமாந்தவரைக் குறிப்பது. விலையுயர்ந்த சரக்கை அற்ப விலைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் திரும்பும் வியாபாரியின் நிலை அது. ஓய்வைக் குறிக்க அந்த ஹதீஸில் வரும் 'ஃபராக்' என்ற சொல்லின் வேரிலிருந்து பிறந்த வினையே இன்ஷிராஹ் சூராவின் இறுதியிலும் வருகிறது. ஒன்றிலிருந்து ஓய்ந்துவிட்டால் அடுத்த முயற்சியில் ஈடுபட்டு, ரப்பின் பக்கம் ஆர்வம் கொள்ளுமாறு அங்கே கட்டளை. குர்ஆனின் பார்வையில் ஓய்வு என்பது ஒரு முயற்சியிலிருந்து மறு முயற்சிக்கு மாறும் படிக்கட்டேயாகும்.

அப்படியானால் திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது? பிறர் ஹக்கிலிருந்து தொடங்க வேண்டும். ஓய்வுப் பணம் கைக்கு வந்ததும் வீட்டின் முகப்பை அழகுபடுத்த எண்ணுகிறோம். பங்காளிக்குத் தர வேண்டிய பாக்கி, சகோதரிக்குப் பிரித்துத் தராத தகப்பனார் சொத்து, மனைவிக்கு இன்னும் கொடுபடாத மஹர் ஆகியவை நினைவுக்கு வருவதில்லை. வஸிய்யத் செய்யத்தக்க பொருளுடையவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கலாகாது என்பது நபிமொழி. வஸிய்யத் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. உயிருடனிருக்கும்போதே எல்லாவற்றையும் ஆண்மக்களின் பெயருக்கு எழுதிவிட்டு, பெண்மக்களை வெறுங்கையுடன் விடுவது, பிள்ளைகளிடையே நீதி செலுத்துமாறு வந்த நபிகளாரின் கட்டளைக்கு மாறானது.

அடுத்து அல்லாஹ்வின் ஹக்கு. சேமிப்பு ஒன்றாகக் கைக்கு வரும் அந்த மாதத்தில்தான் பலருக்கு ஹஜ் கடமையாகிறது. ஹனபி மத்ஹபின் ஏற்கத்தக்க சொல்லின்படி அதை உடனே நிறைவேற்ற வேண்டும். ஷாபிஈ மத்ஹபில், செய்யும் உறுதியுடன் தாமதிக்கலாம். ஆனால் செய்யாமலே இறந்துவிட்டால் பாவியாவார். விட்டுப்போன ஜகாத்தைக் கணக்கிட்டுத் தீர்ப்பதும் இதில் சேரும். வாலிபத்தில் தொழுகைகளை விட்டவர், ஒவ்வொரு வக்துடனும் ஒரு களாவைச் சேர்த்துத் தொழுதால் ஓராண்டில் ஓராண்டின் பாக்கி குறையும்.

மூன்றாவது வீட்டாரின் ஹக்கு. கணவருக்கு ஓய்வு வந்துவிட்டது. மனைவிக்கு வந்ததா? அறுபது வயதுக் கணவர் நாற்காலியில் அமர்ந்து மூன்று வேளை தேநீர் கேட்கும்போது, ஏறக்குறைய அதே வயதான மனைவிக்கு வேலை கூடிவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுவிடுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறினார்கள். கடைக்குச் செல்வதும், காய்கறி நறுக்கித் தருவதும், அவர் மதியம் ஒரு மணி நேரம் ஓத அமர வழிசெய்வதும் ஸுன்னத்தைச் சார்ந்தவையே. வளைகுடா நாடுகளில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு சபரிலிருந்து திரும்பியவருக்கு இது இன்னும் பொருந்தும். வீடு அவரில்லாமலே நடந்து பழகியிருக்கும். அவர் முதலாண்டில் அதிகாரம் செலுத்தாமல் பழக்கத்தைச் சம்பாதிக்கட்டும்.

இவற்றுக்குப் பின் கல்வி. ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர்களில் ஒருவரான இமாம் கஃப்பால் அல்மர்வஸீ அவர்கள் (வஃபாத் ஹிஜ்ரி 417) பூட்டுச் செய்யும் தொழிலாளியாக இருந்து, முப்பது வயதுக்குப் பின்னரே கல்வியில் இறங்கினார்கள். ஸஹாபாக்களில் பலர் முதிர்ந்த வயதில்தான் ஓதினார்கள். நாள்தோறும் சுப்ஹுக்குப் பின் அரை ஜுஸ்வு ஓதுகிறவர், 354 நாட்களில் 177 ஜுஸ்வு, அதாவது ஐந்து முறை முழுவதும் முடித்து ஆறாவதில் 27 ஜுஸ்வு வரை ஓதிவிடுவார். சிறிதாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது. ஆகவே பத்துத் தீர்மானங்களைப் போட்டு ஸபர் மாதத்தில் கைவிடுவதைவிட, இரண்டைப் போட்டு துல்ஹஜ் வரை காப்பது மேல்.

பொழுதுபோக்கே கூடாதா என்று சிலர் கேட்கலாம். கூடும். இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த அபூதர்தா (ரலி) அவர்களிடம் ஸல்மான் (ரலி) அவர்கள், ரப்புக்கும் ஹக்கு உண்டு, உடலுக்கும் ஹக்கு உண்டு, குடும்பத்துக்கும் ஹக்கு உண்டு என்று எடுத்துரைத்ததை நபி (ஸல்) அவர்கள் சரி கண்டார்கள். மாலையில் நடப்பதும், பேரப்பிள்ளைகளுடன் விளையாடுவதும், முருங்கையும் மருதாணியும் நட்டு வளர்ப்பதும் மனத்துக்கு இதமானவை. முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும் அது அவருக்கு ஸதகா. அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய கை, மஹல்லாவின் ஏழை விதவைக்கு உதவித்தொகை மனுவை எழுதித் தரலாம். கணக்குப் பார்த்த கண், பள்ளிவாசல் கணக்கைச் சரிபார்க்கலாம். விருப்பமும் இபாதத்தும் சந்திக்கும் இடம் நிய்யத்து. ஆனால் தொழுகையின் வக்தை விழுங்கும் எந்தப் பொழுதுபோக்கும், நம் பொழுதைத்தான் போக்கிவிடுகிறது என்பதை மறக்கலாகாது.

ஆகவே பெரியோர்களே! வரும் முஹர்ரமில் திட்டமிடுங்கள். இன்ஷா அல்லாஹ் என்று தொடங்குங்கள். இன்றே செய்யக்கூடிய ஒன்றை முதலில் வையுங்கள். மாலையில் மலக்குல் மௌத் வந்தாலும் வெட்கப்பட வேண்டியிராத வகையில் அன்றைய நாளை முடியுங்கள். ஆண்டு முழுவதும் கிடைத்தால் அது அவன் தந்த கூடுதல். கிடைக்காவிட்டால், புறப்பட்டவரின் கூலி அவனிடம் இருக்கிறது. நீண்ட ஆயுளையும், அதில் நல்ல அமலையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.