மதிலுக்கு அப்பால் வாழ்வோர்

மக்கள் அஞ்சிக் கலங்குவர் என்று கருதி ஆபத்தை மறைத்தல் அறமாகுமா என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

சோவியத் நாட்டின் ஸ்வெர்ட்லாவ்ஸ்க் நகரில், 1979ஆம் ஆண்டு ஏப்ரல் தொடக்கத்தில், இராணுவ நுண்ணுயிர்க் கூடமொன்றினின்று ஆந்த்ராக்ஸ் கிருமித்தூள் காற்றிற் கலந்தது. நம் நாட்டார் மாடுகளுக்கு வரும் அடைப்பான் என்று அறிந்த நோயே அது. காற்று வீசிய தென்திசையில் குடியிருந்தோரும், அவ்வழியிலிருந்த பீங்கான் ஆலைத் தொழிலாளருமாக 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதற்கும் அப்பாலிருந்த சிற்றூர்களில் கால்நடைகள் மடிந்தன. அரசினர் கூறியது யாது? கெட்ட இறைச்சியை உண்டதால் வந்த நோய் என்பதே! ஆயின் அதே நாட்களில் தீயணைப்புப் படையினர் மரங்களையும் கட்டடச் சுவர்களையும் நீர் பாய்ச்சிக் கழுவினர். இறைச்சியால் வந்த நோய்க்கு மரத்தைக் கழுவுவானேன் என்று பாமரரும் கேட்பரன்றோ? 1992ஆம் ஆண்டிலேதான் அதிபர் எல்த்சின், இராணுவமே காரணம் என்று ஒப்புக்கொண்டார். நோய் கண்ட காலத்தில் அம்மாநிலக் கட்சித் தலைவராயிருந்தவரும் அவரே.

இந்நோய் மூச்சின்வழி உட்புகுந்தபின் சிலரிடம் வாரக்கணக்கில் வெளிப்படாது கிடக்கும். அதற்குள் பெனிசிலின் போன்ற மருந்தளித்தால் பலரைக் காக்கலாம். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதும் அரிது. ஆகவே உண்மையைச் சொல்லியிருப்பின் உயிரும் பிழைத்திருக்கும், அச்சமும் தணிந்திருக்கும். பொய்யுரையாமை நமது நான்காம் சீலம். உயிர் காக்கும் சொல்லை அடக்கிவைத்தல், முதற்சீலமாகிய கொல்லாமைக்கும் முரணன்றோ?

பகைநாட்டார் அறிந்துகொள்வரே என்பர் சிலர். குப்பியிலுள்ளது இரகசியமாயிருக்கலாம், காற்று எத்திசை வீசிற்று என்பதில் என்ன இரகசியம்?

நாம் பஞ்சாலையில் உழைத்த நாட்களில், சங்கு ஊதினால் மதிலுக்கு வெளியே இருந்த கிழவியும் நேரம் அறிவாள். தீப்பற்றினால் எந்த ஊதல், எப்பக்கம் ஓடுவது என்பதையோ உள்ளிருந்த நமக்கும் ஒருவர் சொல்லித் தந்ததில்லை.

இன்று புனேயிலும் போபாலிலும் உயர்பாதுகாப்பு நுண்ணுயிர் ஆய்வுக்கூடங்கள் உள. நோய்களை அறிய அவை வேண்டுவனவே. அவற்றைப் பழித்தல் நம் கருத்தன்று. ஆயினும் இத்தகைய கூடங்களின் அருகில் வாழ்வோர்க்கு, எந்த ஊதலுக்குக் கதவடைத்து வீட்டினுள் இருப்பது, எதற்கு வெளியேறுவது, எந்த மருத்துவமனையில் மருந்து கிடைக்கும் என்பனவெல்லாம் அவர்தம் தாய்மொழியில் முன்னரே சொல்லப்படல் வேண்டும். எழுத்தறியாதார்க்கு வீடு வீடாய்ச் சென்று வாயாற் சொல்லவேண்டும். ஆண்டுக்கொருமுறை ஊதிக் காட்டிப் பழக்கவும் வேண்டும்.