பயன்படா வல்லமை

ஒருவனிடத்தே அமைந்த ஆற்றல் என்றுமே செயற்படாதிருக்குமாயின், அதனை அவனது சிறப்பு எனக் கொள்ளலாமா? அரிஸ்டோட்டில் இவ்வினாவுக்கு ஐயத்துக்கிடமின்றி விடை கூறினார். நற்பண்பு உடையவன் தன் வாழ்நாள் முழுவதும் உறங்கிக் கிடத்தலும் கூடும். அவனை நல்வாழ்வு வாழ்ந்தவன் என எவரும் கூறார். ஒலிம்பிய விளையாட்டில் முடிசூட்டப்படுவோர் வலிமை மிக்கோர் அல்லர், களத்தில் இறங்கிப் போட்டியிடுவோரே என்பது அவர் காட்டிய உவமை. இப்பழைய வினாவை இன்று எழுப்புவதற்கு இத்தாலியரின் அதிவேகக் கார்களைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை எனலாம்.

உழவு இயந்திர உற்பத்தியால் செல்வம் ஈட்டிய பெருச்சியோ லம்போர்கினி, 1963இல் பொலோஞ்ஞா நகருக்கு அண்மையில் கார்த் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அங்கு பணியாற்றிய டல்லாரா, ஸ்தன்சானி என்னும் பொறியியலாளர் இருவர், பன்னிரண்டு உருளைகள் கொண்ட ஏறத்தாழ நான்கு லீற்றர் இயந்திரத்தைப் பந்தயக் கார்களிற் போல இருக்கைகளுக்குப் பின்னே, அதுவும் குறுக்காக, அமைத்தனர். 1965இல் தூரின் கண்காட்சியில் உடலற்ற சட்டகமாகவே அது வைக்கப்பட்டது. அதற்கு உடல் வடித்தவர் பேர்ட்டோனே நிறுவனத்தைச் சேர்ந்த மார்ச்செல்லோ கந்தீனி. 1966இல் ஜெனீவாவில் 'மியூரா' என்னும் பெயருடன் அது முழுமை பெற்று நின்றபோது, இம்மூவருள் எவரும் முப்பது வயதை எட்டியிருக்கவில்லை. பல்கலைக்கழக மாணவர் கருத்திற் கொள்ளத்தக்க செய்தி இது.

மியூராவின் இயந்திரம் 350 குதிரை வலு உடையது. வேகம் மணிக்கு 280 கிலோமீற்றர் அளவினது. நிற்கும்போதே பாய்வது போன்ற தோற்றம் அதற்கு உண்டு. ஆயினும் மிகு வேகத்தில் அதன் முன்பகுதி நிலத்தை விட்டு எழ முயன்றது. பெற்றோல் தாங்கி முன்னே இருந்தமையால், பெற்றோல் குறையக் குறைய அக்குறை மிகுந்தது. கண்ணுக்கு வேகமாய்த் தோன்றிய வடிவத்தைக் காற்று அவ்வாறு ஏற்கவில்லை. இதனை அறிந்தவர்கள் அதனை அவ்வேகத்தில் செலுத்தியோரே. கொட்டகையில் பூட்டி வைத்தவன் அதன் குற்றத்தையும் அறியான், குணத்தையும் அறியான்.

1987இல் பெராரி நிறுவனம் தனது நாற்பதாண்டு நிறைவையொட்டி வெளியிட்ட எப் 40 இன்னும் தெளிவான சான்று. மணிக்கு 324 கிலோமீற்றர் செல்லவல்ல அதில் வானொலி இல்லை, கம்பளம் இல்லை. உள்ளிருந்து கதவைத் திறப்பதற்கு ஒரு வடத்தை இழுக்கவேண்டும். யாவும் எடை குறைப்பதற்கே. ஆயின் அதனை முதலீடாக வாங்கி, ஓட்டாமலே வைத்திருந்தோர் பலர். கம்பளத்தைத் துறந்த வண்டி கம்பளம் விரித்த மண்டபத்தில் நின்றது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். சினம் செல்லுபடியாகும் இடத்தில் அதனை அடக்குவதே அடக்கம் என்பது வள்ளுவர் கருத்து. அவ்வாறாயின், 130 கிலோமீற்றருக்கு மேல் செல்லலாகாத இன்றைய இத்தாலிய நெடுஞ்சாலையில் எப் 40ஐ அமைதியாகச் செலுத்துபவன் அடக்கமுடையவன் அல்லனோ? செலுத்துபவன் அவ்வாறு இருத்தல் கூடும். பிறர் உயிருக்கு அஞ்சித் தன் காலைத் தடுப்பவனிடம் அறம் உண்டு. ஆனால் ஒரு கீறல் விழுந்தால் விலை குறையுமே என்று அஞ்சுபவனைத் தடுப்பது கணக்கேயன்றி அடக்கமன்று. இவ்விருவரையும் ஒருங்கே எண்ணுதல் தவறு.

ஆக்கியோர் நிலை யாது? அவர்தம் ஆற்றல் செயற்பட்டு முடிந்தது, பின்னர் வண்டி உறங்கினால் அவர்களுக்கு இழப்பில்லை என்று சொல்லத் தோன்றும். அரிஸ்டோட்டிலோ, கட்டுபவனின் செயல் நிறைவுறுவது கட்டப்பட்ட பொருளிலேயே என்கிறார். அவர் கூற்றை ஏற்பின், உறையிட்டு மூடப்பட்ட மியூராவுக்குள் அவ்விளைஞர் மூவரின் உழைப்பும் மூடப்பட்டிருக்கின்றது. பொதுச் சாலையோ அதனை எழுப்புவதற்குரிய இடமன்று. எஞ்சுவது பந்தயத் தடம் ஒன்றே. அங்கு ரயர் தேயும், இயந்திரம் தேயும், விலையும் குறையும். அவ்விலையைக் கொடுக்க முன்வரும் உடைமையாளர் சிலரே.