அளவும் அறமும்

ஒரு செயல் குற்றமாவது அதன் இயல்பினாலா, அன்றி அதனை விலக்கும் விதியினாலா? அறவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவரும் இவ்வினாவிற்கு விளையாட்டுத் துறையும் சான்று தருகின்றது. அமெரிக்கரின் பேஸ்போல் ஆட்டத்திற் பந்தெறிபவர் முழங்கையை மடக்கி நீட்டி எறியலாம்; அதுவே அவர்தம் தொழிற்றிறன். கிரிக்கெட்டிலோ அவ்வாறு கையை நீட்டி எறிதல் குற்றமாகும். எனவே அவ்வசைவு தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. ஆட்டத்தை ஏற்றோர் அதன் விதியையும் ஏற்றனர் என்பதே அங்கு அறத்தின் அடிப்படை. ஆயின், அவ்விதி மீறப்பட்டதை எங்ஙனம் துணிவது என்னுமிடத்திலேயே சிக்கல் தோன்றுகின்றது.

கம்பளையைத் தழுவிவரும் மகாவலி, பேராதனையைக் கடந்து கட்டுகஸ்தோட்டையை அடைகின்றது. அங்குள்ள புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றவர் முத்தையா முரளிதரன். 1995 டிசெம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில் அவர் பந்துவீசியபோது, நடுவர் டரல் ஹெயார் ஏழு முறை அதனை எறிதல் எனத் தீர்த்தார். முரளிதரனின் முழங்கையோ பிறப்பிலேயே முற்றாக நிமிராதது. நடுவர் தாம் கண்டதையே கூறினார் எனக் கொள்ளினும், வளைந்த கையும் நீளும் கையும் விரைந்த அசைவில் வெறுங்கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றக்கூடும். காண்பவரின் நேர்மை மட்டும் காட்சியை உண்மையாக்கிவிடாது.

இதற்கு மறுப்பும் உண்டு. 2004இல் அவரது ‘தூஸ்ரா’ பந்துவீச்சில் அளக்கப்பட்ட நீட்சி, சுழற்பந்து வீச்சாளருக்கு அன்றிருந்த 5 பாகை எல்லையை மிஞ்சியது. 2005இல் அவ்வெல்லை அனைவருக்கும் 15 பாகையாக்கப்பட்டது. ஒருவருக்காக விதி வளைக்கப்பட்டது என்பர். இவ்வாதம் எளிதில் ஒதுக்கற்பாலதன்று. ஆயினும், சர்வதேச கிரிக்கெட் சபை பிறரது பந்துவீச்சையும் ஆராய்வித்தபோது, ஐயத்துக்கு இடமற்றோர் எனக் கருதப்பட்டோர் உட்பட ஏறத்தாழ அனைவரது கைகளும் ஓரளவு நீள்வது புலனாயிற்று. ஐயுறப்பட்டவரை மட்டும் அளந்தபோது அவர் குற்றவாளியாகத் தோன்றினார். அனைவரையும் அளந்தபோது பழைய எல்லையே பொருந்தாததாகத் தோன்றியது.

2010இல் முரளிதரன் 800 டெஸ்ட் விக்கெட்டுகளுடன் ஓய்வுபெற்றார். அவ்வெண்ணை அவரது குற்றமின்மைக்குச் சான்றாகக் காட்டுவோரும் தவறுகின்றனர். வெற்றி எவரையும் தூயவராக்குவதில்லை. ஒரு விக்கெட்டே வீழ்த்தியிருப்பினும் அவருக்குரிய நீதி அதுவேயாகும்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமை கூறினார். துலாக்கோலுக்குத் தட்டுகள் இரண்டு. வழக்கத்துக்கு மாறாக நடப்போர்மீதே சமுதாயத்தின் ஐயம் முதலில் விழுகின்றது. அவர்களை ஒரு தட்டில் ஏற்றுவோர், தம்மையும் தம்மைப் போன்றோரையும் மற்றைத் தட்டில் ஏற்றிப் பார்த்தல் வேண்டும். அதன் பின்னரே தீர்ப்புரைக்கும் உரிமை அவர்க்கு உளதாகும்.