ஸ்தல ஸ்தாபனங்களும் தண்டனையும்

மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகரில், திறந்த சாக்கடையும், சாராய ஆலையிலிருந்து வழிந்த கழிவுநீரும், கழிப்பிடம் இல்லாத ஏழைகள் தெருவோரத்தையே நாட வேண்டியிருந்த அவலமும் சேர்ந்து வாழ்க்கையை நரகமாக்கிவிட்ட ஒரு வார்டின் ஜனங்கள், நகராட்சி தன் கடமையைச் செய்யும்படி உத்தரவிட வேண்டும் என்று மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்தார்கள். நகராட்சி கூறிய சமாதானங்கள் இரண்டு: கையில் பணமில்லை என்பது ஒன்று, அந்த இடத்தின் நிலைமையை அறிந்துகொண்டுதானே இவர்கள் அங்கே குடியேறினார்கள் என்பது மற்றொன்று. உச்ச நீதிமன்றம் வரை சென்ற அந்த வழக்கில், 1980-ஆம் ஆண்டு நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு, நிதியில்லை என்ற காரணத்தைக் காட்டி ஒரு நகராட்சி தன் அடிப்படைக் கடமையிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்று ஐயத்துக்கிடமின்றி உரைத்தது.

இந்தத் தீர்ப்பு சட்டத்தின்படி சரியானது என்பதோடு நியாயத்தின்படியும் சரியானதா என்பது ஆராயத் தக்கது. வறுமையால் கடனைத் திருப்பித் தர இயலாத தனிமனிதனிடம் உலகம் இரக்கம் காட்டுகிறது. அதே இரக்கத்தை ஒரு பொது ஸ்தாபனமும் கோரலாம் அல்லவா? கோர முடியாது என்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பிரஜை தன் வீட்டுக் குப்பையைத் தெருவில் எரிக்கவோ, வாய்க்காலில் கொட்டவோ, கண்ட இடத்தில் புதைக்கவோ சட்டம் இடந்தருவதில்லை. அவ்வாறு அவனுடைய கைகளைக் கட்டிவிட்டு, அவன் செய்யக் கூடாததைத் தானே முறையாகச் செய்வதாக ஏற்றுக்கொண்டு, அதற்காக வரியும் வாங்கிக்கொள்கிற ஸ்தாபனம், கோயில் சொத்தை நிர்வகிக்கும் தர்மகர்த்தாவைப் போன்ற நிலையில் இருக்கிறது. தர்மகர்த்தா தன் சொந்தக் கஷ்டத்தைக் கூறிப் பூஜையை நிறுத்திவிட முடியாது.

ஆயினும் நகராட்சிகளின் முறையீடு முழுவதும் பொய்யென்று தள்ளிவிடுவதும் நேர்மையாகாது. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், 1992-இல், திடக்கழிவு மேலாண்மையை நகராட்சிகளுக்குரிய பணிகளின் அட்டவணையில் சேர்த்தது. ஆனால் எந்த வரியை எவ்வளவு விதிக்கலாம் என்பதையும், மானியம் எப்போது வரும் என்பதையும் நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில சர்க்காரிடமே நின்றுவிட்டது. வேலை ஒருவரிடமும் பணப்பெட்டியின் சாவி வேறொருவரிடமும் இருக்கும்போது, பழி வேலை செய்பவரோடு நின்றுவிடக் கூடாது. சாவி வைத்திருப்பவரிடமும் அது சென்று சேர வேண்டும்.

நகரங்களில் குப்பை இப்படித் தேங்குவது சட்டம் இல்லாமலா? அல்மித்ரா படேல் என்ற அம்மையார் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கையொட்டி, 2000-ஆம் ஆண்டில் நகராட்சித் திடக்கழிவு விதிகள் பிறந்தன. குப்பையைப் பதப்படுத்தும் அமைப்புகளை 2003 டிசம்பர் 31-க்குள் நிறுவியாக வேண்டும் என்று அவை கெடு விதித்தன. கெடு கடந்தது, நகரங்களின் ஓரத்தில் குப்பைமேடுகள் மேலும் உயர்ந்தன. 2016-இல் வந்த புதிய விதிகள், மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான வீட்டுக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தரும் பொறுப்பைக் குடும்பங்கள் மீதும், பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசென்று பதப்படுத்தும் பொறுப்பை ஸ்தல ஸ்தாபனங்கள் மீதும் சுமத்தின.

இந்த இடத்தில்தான் பலர் கவனிக்கத் தவறும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. ஒரு குடும்பத் தலைவி, காய்கறித் தோலையும் மீந்த சோற்றையும் பச்சைத் தொட்டியிலும், பால் கவரையும் அட்டைப் பெட்டியையும் நீலத் தொட்டியிலும் இட்டு, செலவழிந்த பேட்டரியைத் தனியே காகிதத்தில் மடித்து, காலையில் விசில் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுகிறாள். தள்ளுவண்டியில் தனித்தனியாக வாங்கப்பட்ட அவை, தெருமுனையில் நிற்கும் காம்பாக்டர் லாரியின் வயிற்றுக்குள் ஒன்றாக நசுங்கிப் போகின்றன. பிரித்துக் கொடு என்று கட்டளையிட்ட அதிகாரமே அவள் கண்ணெதிரில் அதைக் கலந்துவிடுமானால், குற்றம் குப்பையோடு முடிவதில்லை. கீழ்ப்படிந்தவளை ஏமாற்றிய பாவமும் அதில் சேர்ந்துகொள்கிறது. ஜனங்கள் ஒத்துழைப்பதில்லை என்ற புகாரைச் சொல்லும் யோக்கியதை, கலக்காத லாரியை அனுப்பும் நகராட்சிக்கே உண்டு.

கலந்து கொட்டப்பட்ட ஈரக் குப்பை, காற்றுப் புகாத அடியில் அழுகி மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. கோடையில் அது தீயாகிறது. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ராம்சர் சாசனத்தின் கீழ் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக 2022-இல் அங்கீகாரம் பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில், அச்சதுப்பின் மீதே பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்டுவந்த பெருங்குடிக் கிடங்கு பற்றி எரிந்தது. நகரம் முழுவதும் உண்டு உடுத்துக் கழித்ததன் புகையைச் சுவாசிக்க நேர்ந்தவர்கள், கிடங்கின் அருகே வசிப்பவர்கள்.

கொச்சிக்கு அருகில் பிரம்மபுரம் கிடங்கு 2023 மார்ச்சில் பல நாட்கள் எரிந்து ஊரையே புகையில் மூழ்கடித்தபோது, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. மாசு செய்தவனே விலை தர வேண்டும் என்ற தத்துவம் உயர்ந்தது. ஆனால் ஒரு மாநகராட்சியின் கஜானாவில் இருப்பது யாருடைய பணம்? புகையில் மூச்சுத் திணறியவர்கள் செலுத்திய வரியே அது. துன்பப்பட்டவர்களிடமே அபராதத்தை வசூலித்துவிட்டு நீதி வழங்கியதாக எண்ணிக்கொள்வது பெரும் விபரீதம்.

இதற்குப் பரிகாரம் சட்டத்திலேயே ஓரளவு காணப்படுகிறது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டம், ஓர் அரசுத் துறை குற்றமிழைத்தால், தடுக்க உரிய முயற்சி அனைத்தும் செய்ததாக நிரூபித்தாலொழிய, அத்துறையின் தலைவரையே குற்றவாளியாகக் கொள்ளும்படி விதித்திருந்தது. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் அந்த ஏற்பாட்டை மாற்றி, துறைத் தலைவருக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளத்துக்குச் சமமான அபராதத்தை வைத்தது. ஒரு நகரத்தின் நுரையீரலுக்கு ஒரு மாதச் சம்பளம் ஈடாகாது. என்றாலும், தண்டனை கஜானாவைத் தாண்டி, தீர்மானிக்கும் அதிகாரம் படைத்த மனிதரைத் தொட வேண்டும் என்ற கொள்கையேனும் அதில் எஞ்சியிருக்கிறது. அக்கொள்கை மாநகராட்சி ஆணையர் வரையிலும், நிதியை நிறுத்திவைக்கும் செயலகம் வரையிலும் செல்ல வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு வண்டி தள்ளும் தூய்மைப் பணியாளரின் சம்பளத்தைப் பிடித்துக் கணக்கை முடிப்பதை எவரும் நீதி என்று ஒப்புக்கொள்ளக் கூடாது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. நம் வார்டில் பிரித்து வாங்கப்படும் குப்பை எந்த இடத்துக்குப் போகிறது, அங்கே என்ன செய்யப்படுகிறது, அதற்குப் பொறுப்பான அதிகாரி யார் என்ற மூன்று கேள்விகளை எழுதி, நகராட்சி அலுவலகத்துக்கு அனுப்புங்கள்.