ஒட்டுண்ணி என்னும் பெயர்

உயிர்களை வகுத்து நோக்கும் முயற்சி தமிழர்க்குப் புதியதன்று. அறிவின் எண்ணிக்கை கொண்டு உயிர்களை அடுக்கிய தொல்காப்பிய மரபியல், நண்டையும் தும்பியையும் நான்கறிவுயிர்களாக வைத்தது. எவ்வுயிர் எத்தனை புலன்களால் உலகை உணர்கின்றது என்பதே அவ்வடுக்கின் அளவை. எது நல்லது, எது தீயது என்பது அங்கே வினாவாக எழவில்லை. இன்றைய விலங்கியலும் அவ்வாறே தீர்ப்பிலிருந்து விலகி நிற்பதாகக் கூறிக்கொள்கின்றது. ஆயினும் அதன் கலைச்சொற்களுள் ‘ஒட்டுண்ணி’ என்பது காதில் விழும்போதே வசையாக ஒலிக்கின்றது. ஓர் உயிரை அவ்வாறு வகைப்படுத்துவது அதன்மீது அறத்தீர்ப்பு வழங்குவதாகுமா?

வன்னி நிலத்துப் பயிர்களிடையே இவ்வினாவுக்கு ஏற்ற சான்றொன்று உண்டு. உழுந்தும் பயறும் கௌபியும் பூக்கும் காலத்தில், கரிய வன்சிறகுகளின் குறுக்கே செம்மஞ்சட் பட்டைகள் ஓடிய வண்டுகள் பூக்களை மொய்த்துத் தின்னும். கொப்புள வண்டுகள் என்பன இவையே. தலை கீழ்நோக்கி வளைந்து, ஒடுங்கிய கழுத்தொன்றால் உடலோடு இணைந்திருக்கும். வன்சிறகுகள் ஏனைய வண்டுகளினவற்றைப்போல் இறுகியவையல்ல, தோல்போல் நெகிழ்ந்தவை. முன்கால், நடுக்கால்களின் பாதங்களில் ஐந்து கணுக்களும் பின்கால்களில் நான்கும் உள; நகங்கள் பிளவுபட்டவை. பிடித்தால் மூட்டுக்களில் மஞ்சள் நீர் கசியும். 1810இல் ரோபிக்கே என்னும் பிரெஞ்சு வேதியியலார் இக்குடும்பத்து வண்டொன்றிலிருந்து பிரித்தெடுத்த கந்தாரிடின் என்னும் நஞ்சு அந்நீரில் உண்டு. தோலைக் கொப்புளிக்கச் செய்வது அதுவே. 1775இல் பப்ரீசியஸ் அமைத்த மைலாப்ரிஸ் என்னும் சாதியுள் அடங்கியிருந்த இனங்கள் பல, பின்னர் ஹைக்ளியஸ் என்னும் சாதிக்கு மாற்றப்பட்டன. நடுமார்பின் அடிப்புற அமைப்பும் ஆணின் புணருறுப்பும் அம்மாற்றத்துக்குச் சான்றாயின. வண்டு எதனை உண்கின்றது என்பது அங்கே கருதப்படவில்லை.

இனி இதன் இளமையைப் பார்ப்போம். மண்ணுள் இடப்பட்ட முட்டையிலிருந்து வெளிவரும் முதற் குடம்பி, நீண்ட கால்களுடன் விரைந்தோடி, வெட்டுக்கிளி மண்ணிற் புதைத்த முட்டைப் பொதியைத் தேடிப் புகும்; அங்கேயே தங்கி அம்முட்டைகளை உண்டு வளரும். தோலுரித்தபின் அது கால் குறுகிக் கொழுத்த புழு. பின்னர் அசைவற்றுக் கிடக்கும் உறங்குநிலை. அதன் பின்னரே கூட்டுப்புழுவும் வண்டும். இக்குடும்பத்தில் நிகழும் இப் பன்னிலை உருமாற்றத்தை 1857இல் விரித்துரைத்தவர் ஃபாப்ர் என்னும் பிரெஞ்சு அறிஞர். ஆகவே ஒரே உயிர் இளமையில் வெட்டுக்கிளிக்கு ஒட்டுண்ணி, முதிர்ச்சியில் பூந்தின்னி. வெட்டுக்கிளிக்கு அஞ்சும் உழவனுக்கு முன்னையது துணை, பின்னையது பகை. (முன்னையதையும் ஒட்டுண்ணி எனலாகாது, இரைகௌவி என்பதே பொருந்தும் என வாதிடுவாரும் உளர்.) வண்டின் உடலை எவ்வளவு நுணுகி அறுத்து நோக்கினும் ‘ஒட்டுண்ணி’ என்றோர் உறுப்பு அதிற் கிடையாது. அச்சொல் குறிப்பது ஓர் உறவை. அதுவும் வாழ்நாளின் ஒரு பருவத்து உறவை.

இச்சொல்லின் வரலாறும் நோக்கத்தக்கது. அதற்கு நேரான கிரேக்கச் சொல் முதலிற் குறித்தது வண்டையோ புழுவையோ அன்று. பிறர் பந்தியில் அமர்ந்து உண்ணும் மனிதனையே. மனிதரிடமிருந்து விலங்கியலுக்குச் சென்ற அச்சொல், அறிவியலின் மதிப்பை அணிந்துகொண்டு மீண்டும் மனிதர்மீது வந்து விழுந்தது. நாசி ஜேர்மனி யூதரை ஒட்டுண்ணிகள் என்றது. சோவியத் நாட்டில் கவிஞர் ஜோசப் பிரோட்ஸ்கி 1964இல் ‘சமூக ஒட்டுண்ணி’ எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, ஐந்தாண்டுக் கட்டாய உழைப்புத் தண்டனையுடன் வடபுலத்துக்கு அனுப்பப்பட்டார். நாமும் பிறரைப் புல்லுருவி என ஏசத் தயங்குவதில்லை. நமது உயிரியற் பாடநூல்களோ ‘வருணம்’ என்றும் ‘சாதி’ என்றும் வகுப்பனவற்றுக்குப் பெயரிட்டுள்ளன. கலைச்சொல் ஆக்கியோர் தீய நோக்குடன் இவற்றைத் தேர்ந்தனர் எனக் கூற இடமில்லை. எனினும் ஒரு வேறுபாடு உறுத்துகின்றது. வண்டின் சாதி, சான்று கிடைத்தால் மாற்றி எழுதப்படுகின்றது. மனிதரின் சாதிக்கு அத்தகைய மறு ஆய்வை நம் ஊர்கள் எளிதில் அனுமதிப்பதில்லை.

உறவென்றும் பருவமென்றும் பேசுவது நூலகத்தில் இருப்பார்க்கு எளிது. பூ இழந்த உழுந்து காய்க்காதே என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. தீங்கு மெய்யானது, அதைத் தடுப்பதும் உழவனின் உரிமை. ஆனால் தடுப்பதற்கு அவ்வுயிரின் இயல்பே தீயது எனக் கொள்ளவேண்டியதில்லை. வண்டுகளைக் கையுறையிட்டோ வலைகொண்டோ பிடித்து, மண்ணெண்ணெய் கலந்த நீரில் இடுவது வழக்கிலுள்ள முறை. அவ்வாறு அழிந்த வண்டுகளின் குடம்பிகள் உண்டிருக்கக்கூடிய வெட்டுக்கிளி முட்டைகள் பின்னர் பொரிக்கும். எத்தனை வண்டுகளைப் பொறுப்பது, எத்தனையை அழிப்பது என்னும் கணக்கைப் பூவையும் மண்ணையும் ஒருங்கே நோக்கி அவன் போகந்தோறும் புதிதாகப் போடவேண்டியிருக்கின்றது.