வசூலோடு முடிந்துவிடுமா நம் கடமை?

 

நம் மஹல்லாவில் ஒருவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டிய நிலை வந்தால் நாம் என்ன செய்கிறோம்? ஜும்ஆவில் அறிவிக்கிறோம், துண்டை விரித்து வசூலிக்கிறோம், கண்ணீர் மல்க துஆச் செய்து வழியனுப்புகிறோம். அல்ஹம்து லில்லாஹ்! 1971ஆம் ஆண்டு வேலூரில் இச்சிகிச்சை வெற்றி கண்டது முதல், அல்லாஹ்வின் அருளால் மறுவாழ்வு பெற்றோர் பலர். ஆனால் அவர் ஊர் திரும்பிய பிறகு?

இராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் ஊர்ச் சகோதரர் ஒருவர். பெற்ற தாயே தம் சிறுநீரகங்களில் ஒன்றை அவருக்கு ஈந்தார். சென்னையில் சிகிச்சை நலமாக முடிந்தது. ஊருக்கும் சென்னைக்கும் இடையே 500 கிலோமீட்டருக்கு மேல்.

பொருத்தப்பட்ட உறுப்பை உடல் அந்நியமாகவே கருதும். அதைத் தாக்கி அழித்துவிடாதிருக்க வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டு வரவேண்டும். மருந்து மிகுந்தால் சிறுநீரகத்துக்கே கேடு. குறைந்தால் உடல் அதை ஏற்காது. இந்த அளவை இரத்தச் சோதனைதான் காட்டும். இரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையை விழுங்கலாம். ஆகவே முதல் நாள் இரவே பஸ் ஏற வேண்டும். துணைக்கு ஒருவர், இருவருக்கும் கட்டணம், சாப்பாடு, இரண்டு நாள் கூலி இழப்பு!

“உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்று அவர் இரண்டு தவணைகளைத் தள்ளிப்போட்டார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. உறுப்பு கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் வலி தெரிவதில்லை. மறுபடி அவர் சென்றபோது காலம் கடந்திருந்தது. இன்று வாரம் மும்முறை டயாலிஸிஸ்.

“என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றேன். “ஒரு தடவை ஊரே கொடுத்தது ஹஸரத். மறுபடியும் எப்படிக் கை நீட்டுவேன்?” என்றார்.

வெட்கித் தலைகுனிந்தேன். பள்ளியில் அவருக்கு ஸலாம் சொல்லிக் கொண்டிருந்தவன்தான் நான். அடுத்த சோதனை என்றைக்கு என்று ஒருநாளும் கேட்டேனில்லை! நோயாளியை நலம் விசாரிப்பது முஸ்லிமின் கடமை என்று மிம்பரில் நின்று பேசியவனும் நானே.

சகோதரர்களே! ஒவ்வொரு ஜமாஅத்தும் இத்தகையோரின் தவணைத் தேதிகளைக் குறித்து வைக்கட்டும். அவர் கேட்குமுன் பிரயாணச் செலவு பைத்துல்மாலிலிருந்து அவர் வீடு சேரட்டும். ஏழையாயின் ஜகாத்தும் கொடுக்கலாம். வாலிபர் ஒருவர் துணைக்குச் செல்லட்டும். காய்ச்சல் கண்டால் அன்றே சிகிச்சை செய்த மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரமளானில் நோயாளிக்கும் பிரயாணிக்கும் அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான். மருத்துவர் தடுத்த பின்னும் மாத்திரை வேளையைத் தானே மாற்றி நோன்பு நோற்பது பக்தியாகாது.

அந்தத் தாய் ஈந்தது மகனிடம் மட்டுமல்ல, நம் எல்லோரிடமும் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். ஒரு பஸ் கட்டணத்துக்காக அதைப் பாழாக்கினோமே, நாளை மஹ்ஷரில் என்ன பதில் சொல்வோம்?

நம் பொடுபோக்கை அல்லாஹ் மன்னிப்பானாக! நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக! ஆமீன்.