விளக்கில்லாத தூண்

சென்னை உயர் நீதிமன்ற வளாகம். பிற்பகல்.

கருங்கல்லில் உள்ளங்கை. வெயில் கல்லுக்குள் இறங்கியிருக்கிறது.

அண்ணாந்தால் கழுத்து வலிக்கிறது. ஏறக்குறைய 125 அடி.

*

பழைய கலங்கரை விளக்கம். டோரிக் தூண். கிரேக்கக் கோயில் முகப்பில் வரிசையாக நின்று கூரை தாங்குவது. இங்கே ஒன்றே ஒன்று. கூரை கிடையாது.

மேலே சதுரமாக ஒரு கல். அதற்கு மேல் விளக்குக் கூண்டு. 1844 ஜனவரி 1 அன்று அங்கே முதல் சுடர்.

இப்போது காக்கை.

*

இதற்கும் முன்னால் ஒன்று. 1796. புனித ஜார்ஜ் கோட்டைக்குள், வணிகர்கள் கூடும் கட்டடத்தின் மொட்டை மாடியில். தேங்காய் எண்ணெய் எரிகிறது. அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகம்.

ஊருக்குத் துறைமுகம் இல்லை. அலை பொல்லாதது. கப்பல்கள் எட்டவே நங்கூரம் போட்டு நிற்கின்றன. மசூலா படகுகள் போய் ஆளையும் சரக்கையும் இறக்கிக்கொண்டு வருகின்றன. பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு. ஆணி அடித்திருந்தால் உடையும். தைத்திருப்பதால் அலை மோதும்போது வளைந்துகொடுக்கிறது.

வெளிச்சம், ஊர் இருக்கும் இடத்தை மட்டும் சொல்கிறது. கப்பல் உள்ளே வர வழி இல்லை.

*

தூணைக் கட்டியவர் ஜே. டி. ஸ்மித். மெட்ராஸ் எஞ்சினியர்ஸ் படையில் கேப்டன். 1837இல் சுண்ணாம்புச் சாந்து பற்றிய ஒரு பிரெஞ்சு நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்.

இரண்டு கல்லுக்கு நடுவே விரல் ஓடுகிறது. நிற்கிறது. மறுபடி ஓடுகிறது.

*

தூணின் கூண்டில் ஆர்கண்ட் விளக்கு. அதன் திரி பட்டையாக இருப்பதில்லை, குழலாகச் சுருண்டிருக்கிறது. குழலுக்கு உள்ளே காற்று. வெளியேயும் காற்று. கண்ணாடிச் சிமினி அதை மேலே இழுக்கிறது. சுடர் புகையாமல் வெள்ளையாக எழுகிறது.

பின்னால் குழிந்த உலோகத் தகடு. நாலாபுறமும் சிதற இருந்த வெளிச்சத்தைத் திரட்டி ஒரே பக்கம் அனுப்புகிறது.

திரி ஓரிடத்தில் கூடுதலாக நீண்டால் போதும். சுடர் கோணுகிறது. கரி படிகிறது. தகடு மங்குகிறது. கத்தரிக்க வேண்டும். துடைக்க வேண்டும். எண்ணெய் ஊற்ற வேண்டும். விடிந்ததும் அணைத்து, மறுபடி துடைக்க வேண்டும்.

ஐம்பது வருஷம்.

கேப்டனின் பெயர் உடனே கிடைக்கிறது. துடைத்த கைகளின் பெயர் கிடைப்பதில்லை.

*

வெளியே பாரிமுனை. பேருந்துகளின் ஹாரன். ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது.

மூச்சு உள்ளே போகிறது. டீசல் வாசனையோடு.

*

இந்த நிலத்தில் ஒரு ஊர் இருந்தது. பழைய கறுப்பர் நகரம். கோட்டைப் பீரங்கிகளுக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்று 18ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் போயிற்று. பின்பு தேவராஜ முதலி தெருவில் எழுந்தது.

தெய்வமும் இங்கிருந்து வீடு மாறியிருக்கிறது.

*

1892. உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் கட்டடத்தைத் திறக்கிறார்கள். குவிமாடங்கள், வளைவுகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கோபுரம். பக்கத்தில் தூண் குட்டையாகிறது.

1894இல் வெளிச்சம் அந்தக் கோபுரத்துக்கு ஏறிவிடுகிறது. பகலில் கீழே வழக்கு. இரவில் மேலே விளக்கு.

தூண் அப்படியே நிற்கிறது. இடிக்க யாருக்கும் தோன்றவில்லை போலும். அல்லது கல் கனமாக இருந்திருக்கலாம்.

*

1914 செப்டம்பர் 22, இரவு. எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசுகிறது. துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன. நீதிமன்ற மதிலிலும் ஒரு குண்டு விழுகிறது. அந்த இடத்தில் ஒரு கல்வெட்டு.

வாசிக்கிறவர் இல்லை. பெஞ்சில் ஒரு கட்சிக்காரர் கோப்பை மடியில் வைத்துத் தூங்குகிறார்.

*

1977 ஜனவரி. வெளிச்சம் மெரினாவுக்குப் போகிறது. முக்கோணக் கோபுரம், சிவப்பும் வெள்ளையுமாக. லிஃப்ட் இருக்கிறது.

லிஃப்ட் வைத்த கலங்கரை விளக்கம். சிரிப்பு வருகிறது. வந்த வழியே போகிறது.

*

இங்கிருந்து கடல் தெரியவில்லை. காதைத் தீட்டினாலும் கேட்கவில்லை.

ஒரு காலத்தில் கோட்டை மதிலுக்கு அருகே அலை வந்து போனது. 1870களில் துறைமுகத்தின் கல் கரங்கள் கடலுக்குள் நீளத் தொடங்கின. 1881 புயல் உடைத்தது. திரும்பவும் கட்டினார்கள். கப்பல் கடைசியில் உள்ளே வந்தது.

மணலுக்குத்தான் வழி அடைபட்டது. கரையோரமாக தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அந்தக் கல்லில் முட்டி நிற்கிறது. வருஷா வருஷம் சேர்கிறது. கடல் பின்வாங்குகிறது. இன்று சுண்டல் விற்கும் மெரினாவின் அகலமெல்லாம் அப்படிச் சேர்ந்தது.

*

நிழல் நகர்ந்து காலுக்கு வந்திருக்கிறது. கல்லில் சூடு அப்படியே இருக்கிறது.

*

வடக்கே போகவேண்டிய மணல் போகவில்லை. ராயபுரத்துக்கு அப்பால் கடல் கரையைத் தின்கிறது. லாரியில் பாறைகளைக் கொண்டுவந்து வரிசையாகக் கொட்டியிருக்கிறார்கள். காற்று பலமான நாளில் அலை அதையும் தாண்டி எண்ணூர் சாலையில் விழுகிறது. பைக்கில் போகிறவர்கள் நனைகிறார்கள்.